சார்ஜர் பிடித்தவள்

எங்கள் பள்ளிக்கு லேப்டாப் வந்த வருடம் சாரல் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. வேனிலிருந்து இறக்கி வராந்தாவுக்குக் கொண்டுவருவதற்குள் அட்டைப்பெட்டிகள் ஊறி, அடிப்பக்கம் கையோடு வந்துவிட்டது. மொத்தம் பன்னிரண்டு. எங்கள் பள்ளியில் படித்து, எங்கோ பெரிய ஊரில் வேலை பார்க்கிற ஒருத்தி, தன் ஆபீஸில் புதிது வாங்கியபோது கழித்துப்போட்ட பழையவற்றைக் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தாள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அதுவே பெரிய காரியம். எச்.எம். பெட்டிகளுக்கு மாலை போடவில்லை, அவ்வளவுதான்.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சமூக அறிவியல் எடுப்பவள். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ரொம்ப தூரம். ஆனால் ஒருமுறை ஆண்டுவிழாவில் புரொஜெக்டர் எரியாமல் நின்றபோது வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினேன். எரிந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளியில் நான் கம்ப்யூட்டர் தெரிந்தவள். எங்கள் பள்ளிக்கூடங்களில் வேலையை ஒப்படைக்கிற முறையே இதுதான். ஒரு காரியத்தை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அது ஆயுசுக்கும் உங்கள் காரியம். முதல் வாரம் சாக்பீஸ் டப்பாவைச் சிந்தாமல் கொண்டுவந்த பிள்ளை வருடம் முழுக்க அதைக் கொண்டுவரும். மணியைச் சரியான நேரத்துக்கு அடித்தவள் மற்றவர்கள் பரீட்சை எழுதும்போதும் எழுந்து போய் அடித்துவிட்டு வருவாள். இந்த வழக்கத்தை நான் ஸ்டாஃப் ரூமில் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். திட்டிக்கொண்டே ஒரு பெண்ணுக்கு நானும் அதையேதான் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டிலும் பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்டில் செருகினால்தான் ஓடும். பதினொன்று அப்படியே ஓடின. பன்னிரண்டாவதில் மட்டும் சார்ஜர் பின் நுழைகிற இடம் தொளதொளவென்று ஆடியது. செருகினால் எரியும், கையை எடுத்தால் திரை கறுத்துவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றிப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் போட்டேன். காகிதத்தை மடித்து அடைகொடுத்தேன். தென்காசியில் ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனதில், உள்ளே போர்டே ஆட்டம் கண்டுவிட்டது, இந்த மாடலுக்கு இப்போது பாகம் வருவதில்லை, பேசாமல் ஒதுக்கி வையுங்கள் என்றார். ஒதுக்கி வைத்திருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தாறு பேர். மூன்று பேருக்கு ஒன்று என்று கணக்கு அழகாக வந்தது. அந்த அழகு எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம்தான் அவள் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். மேலகரத்துப் பெண். எட்டு வரை பக்கத்தில் வேறு பள்ளியில் படித்தவள். அப்பா இல்லை. அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டி, படுக்கை விரிக்கிற வேலை. புதிதாக வந்தவள் என்பதால் கடைசி பெஞ்சில், சுவரோரம் இடம் கிடைத்தது. பன்னிரண்டாவது லேப்டாப்பும் அங்கேதான் இருந்தது, மிச்சமிருந்த ஒரே பிளக் அந்தச் சுவரில் இருந்ததால்.

முதல் நாள் அந்த பெஞ்சில் ஒரே கூச்சல். எரிகிறது, அணைகிறது, எரிகிறது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். போய் ஒரு சத்தம் போடலாம் என்று நெருங்கியபோது சத்தம் நின்றிருந்தது. இவள் இடது கையை நீட்டி, பின்னைக் கொஞ்சம் மேலே தூக்கி, கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரை அசையாமல் நின்றது. நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன், அணைந்துவிட்டது. பக்கத்துப் பெண் பிடித்தாள், அணைந்தது. இவள் பிடித்தாள், நின்றது.

"நீயே பிடிச்சுக்கோட்டி. ஒனக்குத்தான் பதமா வருது" என்றேன்.

வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. புதிதாக வந்த பிள்ளை, டீச்சர் வாயிலிருந்து முதல் பாராட்டு. அதன் பிறகு இரண்டு வருடம் அவள் அந்தப் பின்னை விடவில்லை. அல்லது நான் விடச் சொல்லவில்லை.

லேப்டாப் வந்ததும் வகுப்பு மாறித்தான் போனது. அதில் பொய் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நதிகளை வரைபடத்தில் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தவள் நான். இப்போது பிள்ளைகளே செயற்கைக்கோள் படத்தில் மேலிருந்து கீழே இறங்கி, தாமிரபரணி எங்கே திரும்புகிறது, அணை எங்கே இருக்கிறது என்று தேடிப் போனார்கள். தங்கள் தெருவைக் கண்டுபிடித்து, மேலிருந்து பார்த்தால் வீடு இத்தனூண்டா என்று சிரித்தார்கள். அறிவியல் டீச்சர் இருதயம் துடிப்பதைப் போட்டுக்காட்டினார். கணக்கு டீச்சர், லேப்டாப் எல்லாம் கண்துடைப்பு என்று முதல் மாதம் சொன்னவர், இரண்டாம் மாதம் லேப்டாப் அலமாரிச் சாவிக்கு என்னிடம் சண்டைக்கு வந்தார். தினமும் கடைசி இரண்டு பீரியட் லேப்டாப்பில்தான். கட்டுரையை டைப் அடிப்பார்கள், அட்டவணை போடுவார்கள், கேள்வி தயாரித்து பெஞ்சுக்கு பெஞ்சு போட்டி வைப்பார்கள்.

மற்ற பெஞ்சுகளில் முறை வைத்திருந்தோம். இன்று ஒருத்தி அடிப்பாள், ஒருத்தி சொல்வாள், ஒருத்தி நோட்டில் எழுதுவாள். நாளை ஆள் மாறும். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள். இவள் இடது கையால் பின்னைப் பிடித்துக்கொண்டு வலது கையால் நோட்டில் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் நோட்டைத் தூக்கிக் காட்டி மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன், ஒரு கையில் வேலை பார்த்துக்கொண்டே இவள் இப்படி எழுதுகிறாளே, உங்களுக்கு இரண்டு கையும் சும்மாதானே இருக்கிறது என்று. ஒரே ஒரு குறை, அவள் படம் வரைய மாட்டாள். எழுத்து மட்டும் இருக்கும். வரைபடம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம். நான் சிவப்பு மையில் 'படம் எங்கே?' என்று எழுதி வைப்பேன். அடுத்த வாரம் பாடப்புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்துத் தனித்தாளில் வரைந்துகொண்டு வருவாள். நான் கேட்டது அது இல்லை. திரையில் காட்டியதை வரையவேண்டும். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பீரியட் முடிந்து எல்லோரும் போன பிறகு வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு நான் ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டா?"

மறுவாரம் மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. ஒவ்வொரு பெஞ்சும் நம் ஊரைப் பற்றி ஒரு தொகுப்பு தயாரித்துக் காட்டவேண்டும். என் தலை அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி வந்துபோகட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். சரி டீச்சர் என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அதிகாரி வந்த அன்று காலை அந்த பெஞ்சைப் பார்த்தேன். ஒரு பிள்ளை சார்ஜரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நன்றாகவா இருக்கும்? வந்தவர் என்ன ஏது என்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். பக்கத்தில் ஒரு அட்லஸைக் குத்தாக நிறுத்தி, அதன் பின்னால் கையை வைத்துக்கொள், வெளியே தெரியக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். அப்படியே செய்தாள். அதிகாரி கடைசி பெஞ்சுக்கும் வந்தார். குற்றாலத்து அருவிகளைப் பற்றி மற்ற இரண்டு பேரும் பட்டாசு மாதிரி சொன்னார்கள். நீ என்னம்மா செய்தாய் என்று அவளைக் கேட்டார். அவளால் எழுந்து நிற்க முடியாது, எழுந்தால் திரை அணைந்துவிடும். உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். இவள்தான் எல்லாவற்றையும் எழுதியவள் சார் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து பேசவேண்டும் என்று அவர் லேசாகக் கண்டித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் கொடுத்த வாக்கை ஞாபகம் வைத்து அவளை நடுவில் உட்காரச் சொன்னேன். இதை நான் செய்யவே இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள். வேறொருத்தியைப் பின் பிடிக்க வைத்தேன். பத்து நிமிடம் ஓடியது. அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்தது, கை ஆடிவிட்டது. அணைந்த பிறகு திறந்து பார்த்தால் முதல் பீரியட் முழுக்க அடித்து வைத்த கட்டுரை காணவில்லை. நடுவில் சேமித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "டீச்சர், அவளையே பிடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்து தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து, இடது கையை நீட்டிவிட்டாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்ததா என்றால், எனக்குத் தெரிந்தவரை இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தான் இல்லாமல் நடக்காது என்ற பெருமை. அதைப் பார்த்து நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிகிறபோது ஆண்டுவிழாவில் அவளுக்குப் பொறுப்புணர்ச்சிக்கான பரிசு என்று ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தோம். என் யோசனைதான். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அவள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டாள். வரலாறு எடுத்திருந்தாள், அந்தப் பக்கம் லேப்டாப் கிடையாது. வராந்தாவில் பார்த்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு காலையில் அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லில் ஆள் எடுக்கிறார்களாம், தெருவில் நாலு பெண்கள் போகிறார்களாம், ஹாஸ்டல் உண்டு. போனால் மூன்று வருடம் ஒப்பந்தம், நடுவில் வர முடியாது. இவளுக்குப் போக இஷ்டம் இல்லை. தபால் வழியில் பி.ஏ. படிக்கவேண்டும் என்கிறாள். அம்மா வேலை பார்க்கிற லாட்ஜில் வரவேற்பில் உட்கார ஒரு பெண் தேவைப்படுகிறது. வருகிறவர்கள் பெயர், ஊர், ஆதார் எல்லாம் லேப்டாப்பில் ஏற்றவேண்டும். பகலில் அந்த வேலை, மற்ற நேரத்தில் படிப்பு, இரவு வீட்டில் இருக்கலாம். லாட்ஜ் முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார், பிள்ளைக்கு கம்ப்யூட்டர் தெரியுமா என்று.

"ரெண்டு வருஷம் தெனமும் அதுலதான படிச்சா. நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா அண்ணாச்சி கேப்பாவ, டீச்சர்" என்றார் அம்மா.

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. லேப்டாப்பால் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைக்கப்போகிறது, அதை நான் வாங்கித்தரப்போகிறேன். சனிக்கிழமை நானே வருகிறேன், அவளுக்கு எல்லாம் தெரியும் என்றேன். அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மூவரும் குற்றாலத்துக்கு பஸ் ஏறினோம். கூட்டம் நெரிந்தது. ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள், உள்ளே ஈர வேட்டி வாடை. நின்றுகொண்டு வந்த அவள் என் காதருகே குனிந்து, "டீச்சர், எனக்கு..." என்று ஆரம்பித்தாள். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அவள் கையைத் தட்டினேன். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்கக்கூட இல்லை. எனக்குப் பதில்கள் எப்போதும் கேள்விக்கு முன்னால் தயாராக இருக்கும்.

லாட்ஜ் முதலாளி நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்று வீட்டுக்குத் திரும்பி என் வீட்டுக்காரரிடம் அவரைத்தான் கரித்துக்கொட்டினேன். அவர் எனக்கு நாற்காலி போட்டார், டீ சொன்னார். இந்தப் பிள்ளை இரண்டு வருடம் தினமும் லேப்டாப்பில் என்னிடம் படித்தவள், கையெழுத்தைப் போலவே எல்லாம் சுத்தமாக இருக்கும் என்று நான் அளந்தேன். அவருக்கு சந்தோஷம். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் அறை கேட்டு வந்தது. அருவியிலிருந்து நேராக வந்திருந்தார்கள், தலை சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் காட்டி, "நீயே இவங்க பேர ஏத்தும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் இடது கை லேப்டாப்பின் ஓரமாகப் போனது. சார்ஜர் பின்னைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் மேலே தூக்கி, கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண் திரையில் இருந்தது, கை தன் வேலையைச் செய்தது.

வந்தவர் பெயரைச் சொன்னார். அவள் வலது கையின் ஒரு விரலால், போனில் அடிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். பெயர் ஏறிவிட்டது. அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். எப்படிப் போவது என்று தெரியவில்லை. அம்புக்குறியை நகர்த்தப் பார்த்தாள், அது திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. எதையோ தட்டினாள், அடித்த பெயரும் போய்விட்டது. வந்தவரின் சின்னப் பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டு, அறை எங்கே என்று சிணுங்கியது.

"அது டைட்டாத்தான் இருக்கு, கைய எடும்மா. ரெண்டு கையாலயும் அடி" என்றார் முதலாளி.

அவள் திடுக்கிட்டுக் குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன் என்று சொல்ல ஆசை. நான் அவள் உட்கார்ந்த நொடியே பார்த்துவிட்டேன். அவள் கையை எடுத்தாள். திரை அணையவில்லை. எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து தானே நாலு தட்டில் எல்லாவற்றையும் ஏற்றி, சாவியை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

அவள் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரெண்டு வருஷம் படிச்சாளே, ரெண்டு வருஷம் படிச்சாளே என்று என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளியும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும். இவள் பத்து நிமிடத்துக்கு மேல் அடித்ததில்லை, அடிக்க விடவில்லை, நான்தான் இவளை வயர் பிடிக்க வைத்தேன் என்று மூன்றே வாக்கியம். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் எழுந்து நின்றாள். "டீச்சர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாவ, அண்ணாச்சி. எனக்குத்தான் ஏறல" என்றாள்.

நான் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. சீசன் தொடங்கிவிட்டது, இப்போது உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை, ஐப்பசிக்குப் பிறகு வந்து பாருங்கள், வேண்டுமானால் அதுவரை அம்மாகூட அறை வேலைக்கு வரட்டும் என்றார். அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். தன் மகள் படுக்கை விரிக்க வேண்டாம், அதற்கு மில்லே தேவலை என்று பஸ் ஸ்டாப்பில் மெதுவாகச் சொன்னார். மேலகரத்தில் அவர்கள் இறங்கும்போது அவள் எப்போதும்போல வாரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் காலையில் பள்ளியைத் திறந்து, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு மாதம் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். நான் நாலு நாள் கோபத்தில் இருந்தேன். கழித்துப்போட்ட லேப்டாப்பை அனுப்பியவள் மேல் கோபம், முதலாளி மேல் கோபம், வாயைத் திறந்து கேட்கத் தெரியாத அவள் மேலேயே கோபம். ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டா என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தபோது அந்தக் கோபத்துக்கும் இடம் இல்லாமல் போனது. ஐந்தாம் நாள் கிளம்பி மேலகரத்துக்குப் போனேன்.

வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது அம்மா மட்டும் இருந்தார். மில் வேன் நேற்றே வந்துவிட்டது என்றார். திங்கட்கிழமைதான் என்று சொல்லியிருந்தார்களாம், முன்கூட்டியே வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போனாள் டீச்சர், நீங்கள் கொடுத்தது என்று சொன்னார்.  அவர் போட்ட பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சொல்லிவிட்டேன். லேப்டாப் பின் ஆடியது, அவள் பிடித்துக்கொண்டிருந்தது, இரண்டு வருடமும் மற்றவர்கள்தான் அடித்தார்கள் என்பது, எல்லாம். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டமாட்டாரா என்று ஏங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"யாராவது ஒருத்தர் பிடிக்கணும்லா டீச்சர்" என்றார்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். இருபது வருடமாக மற்றவர்கள் தூங்கப் படுக்கை விரிக்கிறவர். அவருக்கு அதில் அநியாயமாக எதுவும் படவில்லை. டம்ளரைத் தொடாமல் எழுந்தேன்.

கிளம்பும்போது, பழைய பேப்பருக்குப் போட எடுத்து வைத்திருந்த நோட்டுகளைக் காட்டி, இதில் வேண்டியது ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார். என் பாட நோட்டை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் திறந்து பார்த்தேன். முத்து முத்தாகக் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் வெறும் கட்டம். ஒவ்வொன்றிலும் என் சிவப்பு மை, 'படம் எங்கே? படம் எங்கே?'

திங்கட்கிழமை கடைசி இரண்டு பீரியட். இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் பன்னிரண்டாவது லேப்டாப் இன்னும் இருக்கிறது. சுவரோரம் ஒரு புதுப் பெண், இடது கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே உட்கார வைத்ததும் நான்தான், ஜூன் மாதத்தில், அதே பாராட்டைச் சொல்லி. அவளை எழுப்பி நடுவில் உட்காரச் சொன்னேன். அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பின்னைப் பிடித்தேன். இரண்டு தடவை அணைந்து, மூன்றாம் தடவை பதம் கிடைத்தது. மேலே கொஞ்சம், தன் பக்கம் கொஞ்சம். அப்படிப் பிடித்தால் உடம்பு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் தோள்பட்டை இழுக்க ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். அது பழைய திரை, நேரே இருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த மூலையிலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். அதன் மேல் எதிர்ப்பக்க ஜன்னலின் கம்பிகளும், வெளியே கறுத்துக் கிடந்த வானமும் விழுந்திருந்தன. வேறொன்றும் இல்லை. நதி இல்லை, அணை இல்லை, மேலிருந்து பார்க்கிற வீடு இல்லை. எப்படித் திரும்பினாலும் இல்லை, கையை விட்டால்தான் பார்க்கலாம், கையை விட்டால் திரையே இல்லை.

இரண்டு வருடம், அந்தப் பத்து நிமிடம் போக, அவள் ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டுத்தான் அந்த நோட்டு முழுவதையும் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு பீரியடிலும் நான் முன்னால் நின்றுகொண்டு எல்லோருக்கும் தெரியுதா என்று கேட்பேன். தெரியுது டீச்சர் என்று முப்பத்தாறு குரல் வரும். அதில் அவள் குரலும் இருந்தது.

நடுவில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் முதல்முறையாகக் கீபோர்டில் கை வைத்திருந்தாள். தத்தித் தத்தி அடித்து, எப்படியோ ஒரு வரைபடத்தைத் திறந்துவிட்டாள். மற்ற இரண்டு பேரும் அவள் மேல் சாய்ந்துகொண்டு ஊரைத் தேடினார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். திடீரென்று நான் ஓரத்தில் இருப்பது ஞாபகம் வந்து, என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குத் தெரியுதா டீச்சர்?"

இல்லை என்று சொன்னால் அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்புவாள், பின் ஆடும், எல்லாம் அணைந்துவிடும்.

"தெரியுது" என்றேன்.